குடியிருப்போர் குழுவுக்கு வாட்ஸ்அப்பா, டெலிகிராமா: கடலூரிலிருந்து ஒரு மதிப்பீடு

கடலூரில் மஞ்சக்குப்பம், கூத்தப்பாக்கம், செம்மண்டலம் ஆகிய பகுதிகளில் மனை பிரித்து வீடுகள் எழுந்த நகர்களில் பெரும்பாலும் ஒரு நலச் சங்கம் இருக்கிறது. சங்கம் இருந்தால் அதற்கொரு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு ஆள் சேர்வதே அரிதாகிவிட்ட இந்நாளில், தெருவிளக்கு எரியாதது முதல் பாதாளச் சாக்கடை மூடி உடைந்தது வரை எல்லாம் அந்தக் குழுவில்தான் பேசப்படுகின்றன. ஆகவே குழு எந்தச் செயலியில் நடக்கிறது, அதன் விதிகள் எவை என்ற இரண்டு கேள்விகளும் சங்கத்தின் துணைவிதிகளைவிட முக்கியமானவையாகிவிட்டன. எங்கள் நகர்க் குழு வாட்ஸ்அப்பில் தொடங்கி, அதன் ஒரு பகுதி டெலிகிராமுக்கு மாறி, இப்போது இரண்டிலுமாக நடக்கிறது. அந்தப் பழக்கத்தை வைத்து, ஓர் ஊர்க் குழுவின் உரையாடலுக்கு இவ்விரு செயலிகளும் எந்த அளவு பயன்படுகின்றன என்பதையும், செயலி தராததை விதியால் எப்படி ஈடுகட்டலாம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

குழுக்கள் கெட்டுப்போவதற்கு உறுப்பினர்களின் பண்புக் குறைவே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது பாதி உண்மையாகவே தோன்றுகிறது. மறுபாதி, கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் ஓரிடத்தில் தங்காமல் ஒழுகிப்போவது. சென்ற மழையில் எந்தத் தெருவில் எந்த அளவுக்குத் தண்ணீர் நின்றது, மோட்டார் வைத்து இறைக்க யாரைக் கூப்பிட்டோம், மாநகராட்சியில் எந்தப் பிரிவு பதில் சொன்னது என்பவையெல்லாம் குழுவில் ஒரு முறை எழுதப்பட்டவைதான். அடுத்த ஐப்பசியில் அவற்றைத் தேடி எடுக்க முடிவதில்லை. எனவே ஒரு குழுவை மதிப்பிட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்கள் இரண்டு. நெருக்கடி இரவில் உதவி கேட்டவரின் செய்தி, உதவக்கூடியவரின் கண்ணில் படுகிறதா? இன்று கிடைத்த பதிலை அடுத்த ஆண்டு குடிவருபவர் கண்டெடுக்க முடிகிறதா?

முதல் அளவுகோல் கடலூர்க்காரர்களுக்கு வெறும் கற்பனையன்று. 2004 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல், 2015 வெள்ளம் என்று வந்த வரிசையில், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் கடந்து இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் வந்து உப்பலவாடி, கண்டக்காடு, நாணமேடு, தாழங்குடா பகுதிகளைச் சூழ்ந்தது. மழை விட்டுவிட்டது என்று எல்லோரும் ஓய்ந்த நேரத்தில் ஆறு வந்தது. அந்த நாள்களில் எங்கள் குழுவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும்: 2015-இல் எடுத்த காணொளிகள் புதியவை போல வந்துகொண்டிருந்தன, சுவர் இடிந்த படத்துக்கு வருத்தம் தெரிவித்துக் கைகூப்பும் குறிகள் நூற்றுக்கணக்கில் விழுந்தன, இவற்றுக்கு நடுவே, படுக்கையில் இருக்கும் தம் தாயாரை மாடிக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும் என்று ஒருவர் எழுதிய செய்தி மேலே போய் மறைந்தது. அவர் அதையே திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தார்.

வாட்ஸ்அப்பின் முதல் வலிமை, எல்லோரும் ஏற்கெனவே அதில் இருப்பது. எழுபது வயதுப் பெரியவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாமல் குழுவில் படிக்கிறார், பேசிப் பதிவு செய்து அனுப்புகிறார். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்ற வரம்பு, ஒரு நகருக்குத் தாராளமாகப் போதும். அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்ற அமைப்பு 2018 முதலே இருக்கிறது. 2022-இல் வந்த கம்யூனிட்டி வசதியில், தெருவுக்கொரு குழுவை வைத்துக்கொண்டு அனைத்துக்கும் பொதுவாக ஓர் அறிவிப்புக் குழுவை நடத்தலாம். இந்த வசதியை நம் நலச் சங்கங்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். பல இடங்களில் அறிவிப்பும் அரட்டையும் ஒரே குழுவில்தான் கிடக்கின்றன.

அதன் குறைகள் உரையாடலின் அமைப்பில் இருக்கின்றன. குப்பை வண்டி பற்றிய பேச்சும், கொசு மருந்து பற்றிய பேச்சும், வீடு வாடகைக்கு என்ற விளம்பரமும் ஒரே ஓட்டத்தில் வருகின்றன. குறிப்பிட்ட செய்தியைச் சுட்டிப் பதில் எழுதலாம் என்றாலும், நம்மில் பலர் அதைச் செய்வதில்லை. ‘சரி சார், பார்க்கிறேன்’ என்ற பதில் எந்தச் சாருக்கு, எதைப் பற்றி என்று பிறகு யாருக்கும் தெரியாது. எழுதிய செய்தியைத் திருத்த 15 நிமிடங்கள்தான் உண்டு. உதவி கேட்ட செய்தியில், உதவி கிடைத்த பிறகு ‘முடிந்தது’ என்று சேர்க்க இந்த நேரம் போதாது. அதனால் நள்ளிரவில் தீர்ந்துவிட்ட தேவைக்குக் காலையில் ஒருவர் படகு தேடிக்கொண்டிருப்பார். முக்கியச் செய்திகளை மேலே பொருத்திவைக்கலாம். அதற்கு 24 மணி நேரம், ஏழு நாள், முப்பது நாள் என்ற கெடுக்கள் உண்டு. முப்பது நாள் கழித்து அது இறங்கிவிட்டதை அட்மின் கவனிப்பதில்லை. புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உரையாடல் தானாகத் தெரிவதும் இல்லை. இடமாற்றத்தில் வரும் அரசு ஊழியர்களும் சிப்காட் நிறுவனங்களில் வேலைக்கு வருபவர்களும் அடிக்கடி குடியேறும் ஊரில் இது பெரிய குறை. எரிவாயு முகவர் யார், பள்ளி வேன் எந்தத் தெருவுக்கு வரும், குடிநீர் எந்த நேரத்தில் திறக்கிறார்கள் என்ற கேள்விகள் ஒவ்வொரு ஜூன் மாதமும் முதலிலிருந்து கேட்கப்படுகின்றன.

தேடல் வசதி இருக்கிறதே என்று சொல்லலாம். தேடல் எழுத்தைத்தான் பார்க்கிறது, பொருளை அன்று. எங்கள் குழுவில் ஒருவர் ‘தண்ணீர்’ என்று எழுதுகிறார், இன்னொருவர் ‘தண்ணி’ என்கிறார், மூன்றாமவர் அதையே ஆங்கில எழுத்தில் தம் விருப்பப்படி அடிக்கிறார், நான்காமவர் குரல் பதிவாக அனுப்புகிறார். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினாலும் நான்கில் ஒன்றுதான் அகப்படும். இதற்கு விதி ஒன்று போதும். தகவல் செய்திகளின் தொடக்கத்தில், முன்கூட்டியே முடிவு செய்த தமிழ்ச் சொல் ஒன்றை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுத வேண்டும்: குடிநீர், மின்தடை, குப்பை, சாக்கடை, பணியாள் என்று ஆறேழு சொற்களுக்கு மேல் வேண்டாம். குரல் பதிவைத் தடை செய்யச் சிலர் கேட்டார்கள். அது தட்டச்சு வராத முதியவர்களை வெளியே தள்ளும் யோசனை. அதற்குப் பதிலாக, குரல் பதிவுக்குக் கீழே யாரேனும் ஒருவர் அதன் சாரத்தை ஒரு வரியில் எழுதும் வழக்கம் எங்களிடம் ஓரளவு நிலைத்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள்தாம் இதைச் செய்கிறார்கள். கேட்டால் சலித்துக்கொள்வார்கள், ஆனால் செய்துவிடுவார்கள்.

ஃபார்வர்டு செய்திகளைப் பற்றி மென்மையாக எழுத எனக்கு விருப்பமில்லை. 2018-இல் குழந்தை கடத்தல் வதந்திகள் வாட்ஸ்அப் வழியே பரவி, அந்த மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிவந்த ஒரு முதிய பெண்மணி கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டார். நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நடந்த பிறகே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற வரம்பு வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறி பெற்ற செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்றாயிற்று. இந்த இரட்டை அம்புக்குறியை நகர்க் குழுக்கள் ஓர் விதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்: அந்தக் குறியுடன் வரும் எதுவும், அது நல்வாக்காக இருந்தாலும், குழுவில் இருக்கக் கூடாது. ஒற்றை அம்புக்குறி உள்ளவற்றை அனுப்புபவர், எங்கே, எந்த நாளில் எடுத்தது என்று தம் சொந்தச் சொல்லில் ஒரு வரி சேர்க்க வேண்டும். வெள்ளக் காலத்தில் இது மட்டும் இருந்திருந்தால் 2015-இன் காணொளிகள் திரும்ப வந்திருக்கமாட்டா. காலை வணக்கப் படங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்தப் போரில் வென்ற அட்மின் எவரையும் நான் அறியேன்.

டெலிகிராமுக்கு வருவோம். ஊர்க் குழுவுக்கு அதன் மிகச் சிறந்த வசதி, ஒரே குழுவுக்குள் தனித்தனித் தலைப்புகள் வைக்கலாம் என்பது. குடிநீர் ஒரு தலைப்பு, சாலையும் சாக்கடையும் ஒரு தலைப்பு, வாங்கல் விற்றல் ஒரு தலைப்பு. ஒவ்வொன்றிலும் தனியாகச் செய்திகளைப் பொருத்திவைக்கலாம்; தேவையற்ற தலைப்பின் ஒலியை மட்டும் அடக்கிவைக்கலாம். தீபாவளிக்கு முன்னால் முறுக்கு, அதிரசம் செய்து விற்கும் பெண்கள் எங்கள் நகரில் சிலர் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் தயங்கித் தயங்கி விளம்பரம் போடுவார்கள், உடனே ‘இது வியாபாரக் குழுவா’ என்று யாராவது சீறுவார்கள். தனித் தலைப்பு வந்த பிறகு அவர்களுக்கு எந்த நாளிலும் எழுத இடம் கிடைத்தது. வேண்டாதவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. விதியால் தீராத சச்சரவு ஒன்றை வசதி தீர்த்தது.

புதியவருக்குப் பழைய உரையாடலைக் காட்டலாம் என்பதும், எழுதியதை 48 மணி நேரம் வரை திருத்தலாம் என்பதும் மேலே சொன்ன இரண்டு குறைகளுக்கு நேரடியான தீர்வுகள். ‘ஸ்லோ மோட்’ என்ற அமைப்பில், ஒருவர் ஒரு செய்தி எழுதிய பின் அடுத்ததை எழுதச் சில விநாடி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்கும்படி அட்மின் வைக்கலாம். பராமரிப்புச் சந்தாவை உயர்த்தும் பேச்சு சூடேறிய ஒரு மாலையில் ஐந்து நிமிட இடைவெளி வைத்தோம். கத்திக்கொண்டிருந்த இருவர் பத்திப் பத்தியாக, காரணங்களோடு எழுதத் தொடங்கினார்கள். வாக்கெடுப்பிலும் டெலிகிராமுக்கே என் ஓட்டு, ஏனெனில் அதில் பெயர் தெரியாமல் வாக்களிக்க முடியும். வாட்ஸ்அப் குழு வாக்கெடுப்பில் யார் எதைத் தேர்ந்தார் என்பது பிறருக்குத் தெரியும் என்பதால், வீட்டு உரிமையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாடகைக்கு இருப்பவர் அவருக்கு எதிராக விரலை வைக்கமாட்டார்.

டெலிகிராமை அப்படியே ஏற்கவும் முடியவில்லை. அதன் குழு உரையாடல்கள் முனைக்கு முனை மறையாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு எவரும் படிக்க முடியாதபடி பூட்டுதல், செய்யப்படுபவை அல்ல. அவை நிறுவனத்தின் சேவையகங்களில் தங்குகின்றன. வாட்ஸ்அப்பில் அந்த மறையாக்கம் 2016 முதல் குழுக்களுக்கும் உண்டு. இதைவிடப் பெரிய தடை ஆள் சேர்வது. செயலியை இறக்க வேண்டும், கைபேசியில் இடம் இல்லை, கடவுச்சொல் கேட்கிறது, படம் திருட்டுத்தனமாகப் பார்க்கும் செயலிதானே அது என்று தயக்கம். இவற்றையெல்லாம் தாண்டி வந்தவர்கள் எங்கள் நகரில் பாதிப்பேருக்கும் குறைவு. வெள்ளம் வந்த இரவில் யாருக்கும் புதுச் செயலி சொல்லித்தர முடியாது.

தொலைபேசி எண் பற்றிய சங்கடத்தைப் பெண்கள் மட்டுமே உணர்கிறார்கள் என்று நினைக்கிறேன். வழக்கமான வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் எண் எல்லோருக்கும் தெரியும். குழாய் வேலைக்கு ஆள் வேண்டும் என்று குழுவில் கேட்ட ஒரு பெண்ணுக்கு, அதே குழுவிலிருந்த முன்பின் அறியாத ஒருவர் தனிச் செய்தியில் நலம் விசாரிக்கத் தொடங்கினார். டெலிகிராமில் எண்ணை மறைக்கும் அமைப்பு உண்டு. வாட்ஸ்அப் குழுவுக்கு, முன் அனுமதி இல்லாமல் தனிச் செய்தி அனுப்பக் கூடாது என்று வெளிப்படையாக எழுதிவைத்த விதியும், மீறினால் அன்றே நீக்கம் என்ற உறுதியும் வேண்டும். இந்த முறையீட்டைப் பெற்றுக்கொள்ள ஒரு பெண் அட்மின் கட்டாயம். அடையாள ஆவணங்களும் இதில் சேரும். ஃபெஞ்சல் நிவாரணமாகக் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவிக்கப்பட்டபோது, தம் அட்டையின் படத்தையும் ஆதாரின் படத்தையும் குழுவில் போட்டு ‘எனக்கு வருமா’ என்று கேட்டவர்கள் உண்டு. மறையாக்கம் எதுவாயினும், குழுவில் போட்டது குழுவிலுள்ள அத்தனை கைபேசிகளிலும் தங்கிவிடும். அத்தகைய படங்களைக் கண்டவுடன் அட்மின் நீக்கிவிட்டு, போட்டவருக்குத் தனியே சொல்ல வேண்டும்.

அட்மின்களின் அதிகாரத்தைப் பற்றி எழுதாத விதித்தொகுப்பு அரைகுறையானது. ‘அரசியல் பேசக் கூடாது’ என்பது நம் குழுக்களின் முதல் விதியாக இருக்கிறது. ஆனால் மழைநீர் வடிகால் ஏன் தூர் வாரப்படவில்லை என்பதும், வார்டு உறுப்பினர் ஏன் வரவில்லை என்பதும் அரசியல்தான். கடலூர் 2021-இல் மாநகராட்சியானதிலிருந்து வரி பற்றிய பேச்சும் அப்படியே. இவற்றைத் தடுத்தால் குழுவில் பேச என்ன இருக்கிறது? கட்சி, சாதி, மதம் சார்ந்த பரப்புரை கூடாது, நகரின் நிர்வாகம் பற்றிய விமர்சனம் தாராளமாகச் செய்யலாம் என்று விதி பிரித்துச் சொல்ல வேண்டும். எது எந்தப் பக்கம் என்று ஒரே ஆள் தீர்ப்பளிக்கக் கூடாது. வெவ்வேறு தெருக்களைச் சேர்ந்த மூவரில் இருவர் ஒப்பினால்தான் ஒருவரை நீக்கலாம். செய்தியை அட்மின் அழித்தால், அழித்தது எந்த அட்மின் என்பதை வாட்ஸ்அப் எல்லோருக்கும் காட்டிவிடுகிறது. டெலிகிராமில் யார் எதை அழித்தார் என்பதைக் காட்டும் நடவடிக்கைப் பதிவேட்டை அட்மின்கள் மட்டுமே 48 மணி நேரத்துக்குப் பார்க்கலாம். இந்த ஓர் இடத்தில் வாட்ஸ்அப்பின் நேர்மையே எனக்குப் பிடித்திருக்கிறது. சமூக ஊடக நிறுவனங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. நம் அட்மின்களும் அந்தக் கெடுவை ஏற்றுக்கொள்வதில் தவறில்லை.

உறுப்பினர் எழுதியதற்கு நம்மைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அட்மின்கள் அஞ்சி, ஐயம் வந்ததையெல்லாம் அழிப்பதும் உண்டு. ஒருவர் அட்மினாக இருந்தது மட்டுமே காரணம் என்றால், வேறு பங்கு இல்லாத நிலையில் அவர் பெயரைக் காவல்துறையின் இறுதி அறிக்கையிலிருந்து நீக்க வேண்டும் என்று, கரூரைச் சேர்ந்த வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் கூறியது. பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்களும் அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகப் பிறர் எழுதியதற்குப் பொறுப்பில்லை என்றே பார்த்தன. கலவரத்தைத் தூண்டும் செய்தியை அறிந்தே விட்டுவைப்பது வேறு விஷயம். அதற்கு இந்தத் தீர்ப்புகளைக் கேடயமாக்கக் கூடாது.

செயலி நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவையும் இரண்டு உண்டு. வாட்ஸ்அப்பில் உதவி கேட்கும் செய்திக்கு ‘தேவை’, ‘முடிந்தது’ என்ற நிலைக்குறி வேண்டும். அதை எழுதியவரும் அட்மினும் எத்தனை மணி நேரம் கழித்தும் மாற்ற முடிய வேண்டும். அதுவரை, உதவி கிடைத்ததும் கேட்டவரே தம் செய்தியின்மேல் பச்சைக் குறியை வைப்பது எங்கள் வழக்கம். அடுத்து, தமிழ்த் தேடல். ‘தண்ணீர்’ என்று தேடுபவருக்கு ஆங்கில எழுத்தில் அடித்த தண்ணீரும் கிடைக்க வேண்டும். தமிழர் இத்தனை பேர் பயன்படுத்தும் செயலியில் இது அதிகப்படியான கோரிக்கையாக எனக்குப் படவில்லை.

என் மதிப்பெண்: நெருக்கடிக்கு வாட்ஸ்அப்புக்கு ஐந்தில் நான்கு, டெலிகிராமுக்கு இரண்டு, நின்று நிதானமாகப் பேசுவதற்கு டெலிகிராமுக்கு நான்கு, வாட்ஸ்அப்புக்கு இரண்டு. ஆகவே கடலூர் போன்ற ஊரில் கம்யூனிட்டி அமைப்பில் அட்மின்கள் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு ஒன்றும், உதவி கேட்பதற்கு மட்டுமான குழு ஒன்றும் வாட்ஸ்அப்பில் இருக்கட்டும். மற்ற பேச்சுகள் டெலிகிராமின் தலைப்புகளுக்குப் போகட்டும். உதவிக் குழுவில் தெரு, அடையாளம், எத்தனை பேர், என்ன தேவை, எந்த நேரம் என்ற வரிசையில் மட்டுமே எழுத வேண்டும். ஆறுதல் சொல்லக் கூட அங்கே இடம் கிடையாது. டெலிகிராமில் முடிவானவற்றை மாதம் ஒரு முறை ஒருவர் தொகுத்து வாட்ஸ்அப் அறிவிப்பில் போட வேண்டும், இல்லையென்றால் அங்கே வராத பாதிப்பேர் விடுபட்டுவிடுவார்கள். இரவு நேர அட்மின் யார் என்ற முறைப்பட்டியலை வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் தொடக்கத்திலேயே வெளியிட வேண்டும். தானே புயலுக்குப் பிறகு பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்ததை அறிந்தவர்கள், அந்தப் பட்டியலையும் மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-ஐயும் காகிதத்தில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள். அச்சுச் செலவைச் சங்கக் கணக்கில் எழுதுவதா, தனியாக வசூலிப்பதா என்பதுதான் இப்போது டெலிகிராமில் நடக்கும் வாக்கெடுப்பு.